முப்பத்தேழு அக்கா கொடுத்த நாலு நாள்

கக்குவான் இருமல் கிருமிக்காக ஒரு மேனேஜரின் சட்டையைப் பிடிக்கப் போனவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரோடு ஒரே கூரையின் கீழ் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். அந்த ஏழு வருஷத்தில் அவர் கோபப்படாத ஒரு நாளைக் காட்டுங்கள், என் மீசையை எடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோபப்பட்டிருப்பார், பார்க்க நான்தான் அங்கே இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் முப்பத்தேழு அக்கா. வயது என்று நினைத்துவிடாதீர்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. முப்பத்தேழு என்பது டிகிரி. படித்து வாங்குகிற டிகிரி அல்ல, அதை அவர் வாங்கவே இல்லை. தெர்மாமீட்டரில் ஏறுகிற டிகிரி.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு பின் சந்தில், இந்தப் பக்கம் நட்டு போல்ட்டு கம்பெனி, அந்தப் பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனி, நடுவில் எங்கள் கம்பெனி. கிருமி வளர்ப்பது எங்கள் தொழில். பதறாதீர்கள். வளர்த்து, கொன்று, அதிலிருந்து சில சரக்குகளைப் பிரித்து, நோயைக் கண்டுபிடிக்கும் கருவி செய்கிறவர்களுக்குக் கொடுப்போம். இந்த உண்மையைச் சொல்லி முகப்பேரில் மூன்று வாடகை வீடுகளை இழந்திருக்கிறேன். நாலாவது வீட்டுக்காரரிடம் நட்டு போல்ட்டு கம்பெனி என்று சொன்னேன், சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

நான் அங்கே கிருமியைத் தொடுகிற ஆள் அல்ல. பதிவேடு, படிவம், கையெழுத்து, ஃபைல், இவைதான் என் வேலை. அதனால் அக்கா என்னை "பைலு" என்று கூப்பிடுவார். "இன்னா பைலு, சாப்ட்டியா?" என்று கேட்டால் பாசமாக இருக்கிறார் என்று அர்த்தம். "தம்பி" என்று கூப்பிட்டால் அடுத்து இடி விழப்போகிறது என்று அர்த்தம்.

அக்கா அயனம்பாக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். ஏரியை ஒட்டிய நிலம் மனையாகிப் போன பிறகு, கண்ணாடிக் குடுவை கழுவும் வேலைக்கு எங்களிடம் வந்தவர். கழுவிக்கொண்டே பக்கத்து மேஜையைப் பார்த்தார். பார்த்துப் பார்த்தே, கிருமிக்குச் சாப்பாடு தயாரிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். கக்குவான் கிருமி இருக்கிறதே, அது மாப்பிள்ளை வீட்டாரை விட மோசம். கண்டதைத் தின்னாது. உருளைக்கிழங்கு வேகவைத்த சாறும் ஆட்டு ரத்தமும் கலந்து தட்டில் உறைய வைத்துக் கொடுத்தால்தான் வாயைத் திறக்கும். உருளைக்கிழங்கை அக்காவே போய்ப் பொறுக்கி வாங்குவார்.

"பச்சை பாஞ்ச கெயங்க குடுத்து ஏமாத்தாத நைனா. என் புள்ளைங்களுக்கு ஒத்துக்காது" என்று கடைக்காரரிடம் சண்டை.

"எத்தினி புள்ளைங்கக்கா உனக்கு?"

"கோடிக் கணக்குல கீது. நீ கெயங்கப் போடு."

இந்தக் கிருமியின் குணத்தைச் சொல்லாமல் அக்காவின் கோபம் உங்களுக்குப் புரியாது. நம் உடம்பின் சூடு முப்பத்தேழு டிகிரி. அந்தச் சூட்டில் வளர்ந்தால் கக்குவான் கிருமி விஷம் கக்கும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் பசையைச் சுரக்கும், குழந்தைகளை நீலம் பாயும் வரை இரும வைக்கும். அதையே இருபத்தைந்து டிகிரி குளிரில் வளர்த்துப் பாருங்கள். விஷமும் இல்லை, பசையும் இல்லை, சாதுவாக இருக்கும். ஆள் மாறவில்லை, அதே கிருமிதான். திரும்பவும் முப்பத்தேழில் வைத்தால் திரும்பவும் கத்தியைத் தூக்கும். சூட்டைக் குறைக்காமலே, சாப்பாட்டில் பேதி உப்பைக் கலந்தாலும் அடங்கிவிடும். இதையெல்லாம் படித்தவர்கள் புத்தகத்தில் தெரிந்துகொண்டார்கள். அக்கா தட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டார். விஷம் கக்குகிற கிருமி ரத்தத் தட்டில் பாதரசத் துளி மாதிரி குண்டாக மின்னும், தன்னைச் சுற்றி ரத்தத்தைக் கரைத்து ஒரு வெளிர் வளையம் போட்டிருக்கும். சாதுவான கிருமி அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடக்கும், வளையம் இருக்காது.

ஒரு தடவை டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர் புதிதாகச் சேர்ந்து எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார். கிருமியின் மேல்தோலில் ஒரு புரதம் உட்கார்ந்து வெளியே என்ன சூடு என்று கவனிக்கிறதாம். அது உள்ளே இருக்கிற இன்னொரு புரதத்துக்குச் சேதி சொல்கிறதாம். உள்ளே இருப்பது விஷத்தைத் தயாரிக்க உத்தரவு போடுகிறதாம்.

அக்கா கை தூக்கினார். "அப்ப கேட்டாண்ட ஒரு வாட்ச்மேனு, உள்ளார ஒரு மேனேஜரு. அதான?"

"கரெக்ட்மா."

"ஆனா அங்க ரெண்டு பேரும் ஒயுங்கா வேலை பாக்குறாங்கோ" என்றார் அக்கா, முன் வரிசையில் இருந்த எங்கள் மேனேஜரைப் பார்த்துக்கொண்டே. 

விற்பனைக்கு எங்களுக்கு வேண்டியது விஷம் கக்கும் கிருமிதான். ஆகவே அதை அடைகாக்கும் இன்குபேட்டர் பெட்டி எந்நேரமும் முப்பத்தேழில் நிற்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு அக்காதான் காவல் தெய்வம். கதவை யாராவது இரண்டு நிமிஷம் திறந்து வைத்தால் போச்சு. "உன் ஊட்டுல பச்சைக் கொயந்தைய இப்டித்தான் பனியில போட்டு வெச்சிருப்பியா?" என்று கத்துவது பக்கத்து நட்டு போல்ட்டு கம்பெனி இரைச்சலையும் தாண்டிக் கேட்கும்.

இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். மனுஷர்களையும் கிருமி மாதிரியே கணக்குப் போட ஆரம்பித்தார் அக்கா. அவர் கைப்பையில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். டீக்கடையில் டீக்குள் விடுவார். பேருந்தில் ஜன்னலோரம் நீட்டுவார். மேனேஜர் அறைக்குக் கையெழுத்து வாங்கப் போனால், திரும்பி வந்து உதட்டைப் பிதுக்குவார். "ஏசிய பதினெட்டுல வெச்சிகினு குந்திகீறாரு. அப்பால எப்டி ரோஷம் வரும்?"

ஒரு மே மாதத்தில் அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் எங்கள் பேருந்து அரை மணி நேரம் நகராமல் நின்றது. உள்ளே இரண்டு பேர், ஒருவர் காலை ஒருவர் மிதித்ததாகச் சொல்லி, கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அக்கா எழுந்து இரண்டு பேர் கையையும் பிடித்துத் தரதரவென்று கீழே இறக்கினார். எதிரே இருந்த ஐஸ்கிரீம் கடையின் பெரிய ஃப்ரீசர் மூடியைத் திறந்து, இரண்டு பேரையும் அதன்மேல் குனிய வைத்தார்.

"அண்ணாத்தே, நீ கெட்டவன் இல்ல. அவனும் கெட்டவன் இல்ல. நாப்பத்தொண்ணு கீது வண்டிக்குள்ள. ரெண்டு பேரும் கொஞ்சம் ஆறுங்கோ."

கடைக்காரர் என் ஐஸ்கிரீம் உருகுது என்று அலறினார். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சமாதானத்துக்குள் பேருந்து எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

எதிர்த்துப் பேசுகிறவர்களை அவர் மிரட்டுவதும் இதே வழியில்தான். "உனக்கு சூட்டைக் கொறச்சா பத்தாது நைனா, பேதி உப்புதான் போடணும்." விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவர் இருக்கும்போது சாப்பாட்டு டப்பாவை யாரும் திறந்து வைத்துவிட்டு எழுந்து போக மாட்டோம்.

கிருமிக்குப் பரிந்து பேசுகிறாரே, குழந்தைகளைப் படுத்துகிற நோயாயிற்றே என்று நீங்கள் கொதிக்கலாம். நானும் ஒருநாள் கேட்டேன். அதற்கு அவர் பட்ட கோபம் இருக்கிறதே! "யாரு பரிஞ்சி பேசுறது? அயனம்பாக்கத்துல எந்த ஊட்ல பச்சைப்புள்ள கீதோ, அந்த ஊட்டுக்குப் போய் ஊசி போட்டியாடின்னு கேட்டு உயிர எடுக்குறேன் நானு. நம்ம நெஞ்சுக்குள்ள சூடு கீது, அதான் அது கத்தியத் தூக்குது. அத்த தெரிஞ்சிகினாதான அத்த மடக்க முடியும்? திட்டிகினே இருந்தா ஆச்சா?" உண்மைதான். குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தவறிய வீட்டு வாசலில் அவர் போட்ட சத்தத்தில், அந்தத் தெருவில் மூன்று பேர் அவரைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

இப்போது அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாதிக் கோபம் மேனேஜர் மேல். மீதி யார் மேல் என்பது போகப் போகத் தெரியும்.

அந்த வருஷம் அக்காவின் மகளுக்குக் காட்டுப்பாக்கத்தில் பிரசவம். ஏழு வருஷத்தில் முதல் முறையாக அக்கா ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். போவதற்கு முன் இன்குபேட்டர் மேல் ஒரு தாளை ஒட்டினார்: "நிறுத்தினால் கை இருக்காது. இப்படிக்கு 37." உள்ளே கிருமித் தட்டுகளை வைத்தது கலைச்செல்வி. ஒப்பந்தத்தில் இருந்த இளம் டெக்னீஷியன். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். அப்பா ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய நாள் குறித்தாகிவிட்டது. தீபாவளிக்குள் அவளுடைய வேலை நிரந்தரமாகிவிடும் என்று நம்பித்தான் அவர்கள் பட்டாபிராம் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். விடுமுறைக்கு முதல் நாள் சாயங்காலமே எல்லா இயந்திரத்தையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவார்கள். இயந்திரங்களுக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா? நட்டு போல்ட்டு செய்கிற இயந்திரத்துக்கு அது சரி. கிருமி அடைகாக்கிற பெட்டிக்கு?

மேனேஜர் பூஜைப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணிடுங்க. அந்தப் பேப்பரையும் கிழிங்க. சாமி கும்பிடுற இடத்துல கை இருக்காது கால் இருக்காதுன்னு அபசகுனமா இருக்கு."

"சார், இன்குபேட்டர்ல தட்டு இருக்கு" என்றேன்.

"எல்லா மெஷினும்னா எல்லா மெஷினும்தான். வருஷத்துல ஒருநாள் ரெஸ்ட் குடுத்தா குடியா முழுகிடும்?"

நான் தாளைக் கிழித்தேன். சுவிட்சை அணைத்தேன். என் மூன்று விரலாலேயே சுவிட்சு மேலும் பலகை மேலும் சேர்த்துச் சந்தனம் தீட்டி, நடுவில் குங்குமம் வைத்தேன். பூஜை முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் போட்டுவிடலாம் என்று சத்தியமாக நினைத்திருந்தேன். ஆனால் கற்பூரம் காட்டி, பொரியைப் பொட்டலம் கட்டி, ஊருக்குப் போகும் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில், பொரிப் பொட்டலம் ஞாபகம் இருந்தது. சுவிட்சு ஞாபகம் இல்லை. அந்த அறையின் ஏசியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை, அதை ஒரு மெஷினாகவே யாரும் மதிக்கவில்லை போலும். அது ஐந்து நாளும் இருபத்தைந்தில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை, விஜயதசமி, ஒருநாள் கூடுதல் விடுமுறை, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வந்து பார்த்தபோது பெட்டி அணைந்தே கிடந்தது. சுவிட்சைப் போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்தேழு காட்டியது. அதோடு விட்டேனா? தினசரி வெப்பநிலை எழுதும் படிவத்தில் ஐந்து நாள் கட்டம் காலியாக இருந்தது. விடுமுறை முடிந்து வந்ததும் காலிக் கட்டங்களை நிரப்பி ஃபைலில் சேர்ப்பது என் வழக்கம். பெட்டி எப்போதும் முப்பத்தேழில்தானே நிற்கிறது, பார்த்து எழுதினால் என்ன, பார்க்காமல் எழுதினால் என்ன என்று வருஷக்கணக்காக அப்படித்தான் செய்துவந்தேன். அன்றும் கை தானாக எழுதியது. 37, 37, 37, 37, 37.

கலைச்செல்வி பத்து மணிக்குத் தட்டுகளை எடுத்தாள். வளையம் இல்லை. எல்லாம் தட்டை. மேனேஜர் வந்து பெட்டியின் எண்ணைப் பார்த்தார், முப்பத்தேழு. படிவத்தைப் பார்த்தார், ஐந்து நாளும் முப்பத்தேழு. வேறென்ன வேண்டும்?

"பெட்டி சரியா இருக்கு. ரெக்கார்டு சரியா இருக்கு. அப்ப நீதான் ஏதோ பண்ணிருக்க. வேற கிருமி கலந்திருக்கு, இல்ல ஸ்டாக்கையே கெடுத்துட்ட. கவனக்குறைவுன்னு எழுதி அனுப்பிடறேன்."

"சார், நான் ஒண்ணுமே தப்பு பண்ணல சார். எங்கப்பாகிட்ட போய் என்னன்னு சொல்லுவேன்?" என்று அவள் அழுதாள். கவனக்குறைவு என்று எழுதி அனுப்பினால் வேறு எந்த ஆய்வகத்திலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். மேனேஜர் விடவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்று அவளிடமே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

நான் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, ரொம்ப முக்கியமான வேலை இருப்பவன் மாதிரி நகர்ந்துவிட்டேன். அந்த மேனேஜரை ஊர் உலகத்துக்கெல்லாம் திட்டியிருக்கிறேன், கோழை, பொய்க்கணக்கு எழுதுகிறவன், மனசாட்சி இல்லாதவன் என்று. அந்த மூன்று பட்டமும் அன்று யாருக்குப் பொருந்தியது?

மதியம் அக்கா வந்துவிட்டார். பேரன் பிறந்த சர்க்கரையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கலைச்செல்வி நீட்டிய தட்டை இன்னொரு கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்னாடி, இதுக்குப் போய் அய்துகினு கீற? இது கெட்டுப் போவல. தூங்குது."

மேனேஜர் சிரித்தார். "பெட்டி முப்பத்தேழுதானம்மா காட்டுது? ரெக்கார்டு பாருங்க."

அக்கா ரெக்கார்டைப் பார்த்தார். பிறகு பெட்டியிடம் போனார். சுவிட்சுப் பலகை முன் குனிந்து மூக்கு இடிக்கிற அளவுக்கு உற்றுப் பார்த்தார். காய்ந்த பிறகு சுவிட்சைத் தட்டியதில், சுவிட்சும் பலகையும் சேரும் இடத்தில் சந்தனம் ஓடு மாதிரி வெடித்திருந்தது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகுதான் மேனேஜர் பக்கம் திரும்பினார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

"யோவ், சூடு கொறஞ்சா அது அடங்கும்னு அன்னிக்கு டாக்டரு வந்து கெளாஸ் எடுத்தாரே, நீ இன்னா தூங்கிகினு இருந்தியா? குளிர்ல கெடந்ததுக்கு வளையம் எங்கேந்து வரும்? சூட்ட நிறுத்திப்புட்டு, கிருமி கெட்டுப்போச்சு, பொண்ணு கெடுத்துட்டா! நாக்கூசாம சொல்ற!"

மேனேஜரின் சட்டைக் காலரை நோக்கி அவர் கை போனதை நான் பார்த்தேன். சர்க்கரை டப்பா கையில் இருந்ததால் மேனேஜர் தப்பித்தார்.

"நாலு நாளு குடு" என்றார் அக்கா. "இதே கிருமிய எடுத்துப் புதுத் தட்டுல கீறி முப்பத்தேழுல வெக்கிறேன். வேற கிருமியா இருந்தா, இல்ல கெட்டுப்போயிருந்தா, வளையம் வராது. அந்தப் பொண்ண அனுப்பு, என்னையும் சேத்து அனுப்பு. வந்துச்சுன்னா இவ எழுதுன தாள நீ கிழி."

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் மேனேஜர் ஒத்துக்கொண்டார்.

அந்த நாலு நாளை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். அக்கா தெர்மாமீட்டரோடு பெட்டி முன் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாடும் அங்கேதான். ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து பார்த்து, தன் கோணல் கையெழுத்தில் எழுதினார். 36.9, 37.1, 37, 36.8. பார்த்து எழுதினால் எண் அப்படித்தான் இருக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதியது ஐந்து கட்டத்திலும் ஒரே எண், ஒரே பேனா, ஒரே சாய்வு. கலைச்செல்வி தினமும் ஆவடியிலிருந்து வந்து, தட்டைத் திறக்காமல், கண்ணாடிக் கதவு வழியாக நின்று பார்த்துவிட்டுப் போவாள். சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது.

எனக்குத்தான் இன்னொரு வேதனை. அக்கா என்னிடம் கோபமே படவில்லை. "பைலு, சாப்ட்டியா?" என்று ஒருநாள் விடாமல் கேட்டார். பேரனின் ஃபோட்டோவைக் காட்டினார். ஏழு வருஷத்தில் அவர் கோபத்துக்குப் பயந்தவன், அந்த நாலு நாள் அவர் சிரிப்புக்குப் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை தட்டை வெளியே எடுத்தார்கள். குண்டு குண்டாக, பாதரசத் துளி மாதிரி. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வெளிர் வளையம். கலைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். ஒரு கொடிய கிருமி விஷம் கக்கியதைப் பார்த்து ஒரு கூட்டமே கைதட்டியது அநேகமாக அன்றுதான் நடந்திருக்கும்.

மேனேஜர் கனைத்தார். "சரி. அப்ப பெட்டிய ஆஃப் பண்ணது யாரு? நான் மெஷின்னுதான் சொன்னேன். இன்குபேட்டர்னு சொன்னேனா?"

பார்த்தீர்களா! இருபது வருஷ அனுபவம் உள்ள மனுஷன்! நான் வாய்க்குள்ளேயே கொதித்தேன். அடுத்த நொடி எனக்கே சிரிப்பு வந்தது. அவர் ஒரு பொய் சொன்னார். நான் ஐந்து பொய் எழுதி ஃபைலில் சேர்த்திருக்கிறேன்.

"நான்தான் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நீங்க சொல்லித்தான் அணைச்சேன். திருப்பிப் போட மறந்தது நான். அஞ்சு நாளும் முப்பத்தேழுன்னு பாக்காம எழுதினதும் நான். கலைச்செல்வி மேல எந்தத் தப்பும் இல்ல."

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலைச்செல்வி எழுதிக்கொடுத்த தாள் அங்கேயே கிழிந்தது. தீபாவளிக்கு முன் அவளுடைய வேலை நிரந்தரமானது. எனக்கு மெமோ வந்தது, அந்த வருஷ ஊதிய உயர்வு போனது. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டு டிகிரியில் இருக்கிறவர்களுக்கு என்றைக்கு என்ன ஆகியிருக்கிறது? கலைச்செல்வி என்னோடு பொங்கல் வரைக்கும் பேசவில்லை. அவள் பேசாததில் நியாயம் இருந்தது.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"சந்தனத்துல மூணு வெரலு தடம். கும்பிடத் தெரியாத கையி. ரிக்கார்டுல உன் எயுத்து. இதுக்கு போலீஸா வரணும்?"

"அப்பவே சொல்லிருக்கலாமே. நாலு நாள் அவ அழுதிருக்க மாட்டாளே."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் சொல்லிருந்தா அந்த ஆளு உன்ன அனுப்பிட்டு அவளயும் அனுப்பிருப்பான். தட்டு சாட்சி சொல்லணும்ல?" பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அப்பால, நீயும் கெட்டுப்போனவன் இல்ல நைனா. அந்தாளு பக்கத்துல கெடந்து கெடந்து தட்டையாப் பூட்ட. தட்டுக்கு நாலு நாளு குடுத்தேன். உனக்கும் அதே நாலு நாளுதான் குடுத்தேன்."

"வளையம் வராம போயிருந்தா?"

"பேதி உப்பு வாங்கி வெச்சிருந்தேன்" என்றார் முப்பத்தேழு அக்கா. கைப்பையைத் திறந்து பொட்டலத்தைக் காட்டவும் செய்தார்.

அவர் ஓய்வு பெற்றபோது கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அக்காவுக்குக் கடிகாரம்! ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தர வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. நானும் பிறகு வேலையை விட்டுவிட்டேன். இப்போதும் வாரம் ஒருமுறை அவர் அயனம்பாக்கத்திலிருந்து கூப்பிடுவார். எடுத்ததும் நலமா என்றுகூடக் கேட்க மாட்டார்.

"இன்னா பைலு, உன் ஊட்டாண்ட இப்ப எத்தினி கீது?"

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. நான் நாற்காலியை விட்டு எழுந்து போய், கண்ணாடியை மாட்டி, ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அக்காவுக்குப் பதில் சொல்வேன்.